பென்னாகரத்தின் கடைசி ராஜா யார்?

பென்னாகரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, "இந்த ஊரை ஆண்ட கடைசி ராஜா யார்?" என்று நாலு பேரைக் கேட்டால் என்ன பதில் வரும்? தமிழ் படித்தவர் அதியமான் என்பார். கோட்டை, சண்டை என்று கதை கேட்டு வளர்ந்தவர் திப்பு சுல்தான் என்பார். காவிரி பிரச்சினையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர் மைசூர் மகாராஜா என்றுகூடச் சொல்லலாம்.

மூன்று பதில்களுமே தவறு!

சரியான பதில்: ஆறாம் ஜார்ஜ். லண்டனில் இருந்த இங்கிலாந்து மன்னர். அவருடைய ஆட்சி பென்னாகரத்தில் முடிந்தது 1947 ஆகஸ்ட் 15 அன்று அல்ல. 1950 ஜனவரி 26 அன்றுதான்.

இது எப்படி என்று கொஞ்சம் பார்ப்போம். 1947-இல் இந்தியா சுதந்திரம் பெற்றது. ஆனால் அன்றே குடியரசு ஆகிவிடவில்லை. நம்முடைய அரசியலமைப்புச் சட்டம் எழுதி முடிக்கப்படும் வரை இந்தியா ஒரு 'டொமினியன்' ஆக இருந்தது. அதாவது ஆட்சி செய்வது நம் அமைச்சரவை, ஆனால் நாட்டின் தலைவர் என்ற இடத்தில் பெயரளவுக்கு இங்கிலாந்து மன்னர். அவருடைய பிரதிநிதியாக டில்லியில் ஒரு கவர்னர் ஜெனரல் இருந்தார். முதலில் மவுண்ட்பேட்டன். 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை ராஜாஜி.

ராஜாஜி பிறந்தது ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி. வக்கீல் தொழில் செய்தது சேலத்தில். அன்றைக்குத் தொரப்பள்ளியும் பென்னாகரமும் ஒரே சேலம் மாவட்டம். ஆக, இந்தியாவில் ஒரு மன்னரின் பிரதிநிதியாகக் கடைசியாக உட்கார்ந்திருந்தவர் நம் பழைய மாவட்டத்துக்காரர்தான். அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்தபோது முடியாட்சியும் கூடவே எழுந்து போய்விட்டது. ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரானார்.

பழைய டிரங்குப் பெட்டிகளில் இன்றும் 'ராஜா தலை போட்ட காசு' கிடைக்கும். அந்த ராஜா தலைதான் பென்னாகரத்தின் கடைசி ராஜா.

சரி, முடிந்துபோன கதையை இப்போது எதற்குப் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும், தாலுகா ஆபீஸில் ஒரு சான்றிதழுக்காக மூன்றாம் முறை அலையும்போதும் பலர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "இந்த ஓட்டு, கட்சி எல்லாம் வேண்டாம்பா... நல்ல ராஜா ஒருத்தர் வந்து ஆண்டா எல்லாம் சரியாயிடும்." இந்த ஆசை நியாயமானதுதானா? இதற்குப் பதில் தேட உலகம் சுற்றத் தேவையில்லை. பென்னாகரத்தைச் சுற்றி நடந்த வரலாறே போதும்.

வந்து போன ராஜாக்கள்

சங்க காலத்தில் இந்தப் பகுதி தகடூர் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டான். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தவன் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே அதியமான். கடையெழு வள்ளல்களில் ஒருவன். நல்ல ராஜா என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழில் கிடைக்காது.

ஆனால் அந்த நாடு என்ன ஆனது? சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை அழித்தான். அதியமானின் நற்குணத்தால் அவனுடைய குடிகளைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு மனிதரை நம்பி நின்ற நாடு அவரோடு சேர்ந்து விழுந்தது.

அதற்குப் பிறகு சோழர்கள், ஹொய்சாளர்கள், விஜயநகரத்தார், மைசூர்க்காரர்கள் என்று பலர் வந்தார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட பகுதிக்குப் 'பாராமகால்' என்று பெயர் வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஹைதர் அலி கைக்கும், பிறகு அவர் மகன் திப்பு கைக்கும் வந்தது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791-இல் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கம்பெனிப் படை பென்னாகரம் கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஆனது. திப்பு தன் நாட்டில் பாதியைக் கொடுத்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாகத் தன் இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பினார். கொடுத்த நிலப்பகுதிகளில் பாராமகாலும் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பென்னாகரத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு காகிதத்தில் இரண்டு தரப்பு கையெழுத்துப் போட்டது. மறுநாள் காலையில் ஊருக்கு வேறு எஜமானர். 'ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன' என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை!

கம்பெனி, அலெக்ஸாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியைப் பாராமகாலுக்கு அனுப்பியது. அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. அவர் தருமபுரியில் பல ஆண்டுகள் தங்கி, நிலங்களை அளந்து, ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி பேசும் முறையை இங்கேதான் பழகினார். பின்னாளில் சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி முறையின் தொடக்கப் பள்ளிக்கூடம் நம் பாராமகால்தான். ராஜா போனார், துரை வந்தார். வரி கட்டுவது மட்டும் நிற்கவில்லை.

கண்ணில் படாத சக்கரவர்த்தி

1858-இல் கம்பெனி ஆட்சி போய், விக்டோரியா ராணியின் ஆட்சி வந்தது. 1877 முதல் அவருக்கு இந்தியாவின் சக்கரவர்த்தினி என்ற பட்டம். அவர் ஒரு முறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை.

தன் சொந்த நாட்டில் அவர் பாராளுமன்றத்துக்குக் கட்டுப்பட்ட ராணி. அங்கே சட்டம் போடுவது மக்கள் சபை, பிரதமரை மாற்றுவது ஓட்டு. இந்தியாவிலோ அதே கிரீடத்தின் பெயரில், ஓட்டுக் கேட்காத ஆட்சி நடந்தது. ஒரே கிரீடம், இரண்டு விதமான ஆட்சி! முடியாட்சி என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இந்த வேறுபாடு மிக முக்கியம்.

அந்தக் கிரீடத்தின் கனம் எவ்வளவு என்பதற்குப் பென்னாகரம் வட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பாப்பாரப்பட்டி. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா தன் கடைசி நாட்களைக் கழித்து, 1925 ஜூலை 23 அன்று உயிர் நீத்த ஊர். 1908-இல் வ.உ.சி.யோடு சேர்த்து அவர் மீதும் ராஜதுரோக வழக்குப் போடப்பட்டது. குற்றம் என்ன? கொலையா, கொள்ளையா? இல்லை, பேச்சு. மேடையில் பேசியதற்காக அவர் சிறைக்குப் போனார். சிறையில் இருந்தபோதே தொழுநோய் பற்றிக்கொண்டது. வெளியே வந்த பிறகும் நோயோடு ஊர் ஊராக நடந்து பேசிக்கொண்டே இருந்தார்.

'ராஜதுரோகம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ராஜாவுக்குச் செய்யும் துரோகம். நாட்டுக்கு என்றுகூட இல்லை. ராஜாவின் பெயரில் நடக்கும் அரசின் மேல் வெறுப்பு வரும்படி பேசினாலே குற்றம். முடியாட்சி மக்களிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. (இதில் வேடிக்கை என்னவென்றால், ராஜா போன பிறகும் அந்தச் சட்டப் பிரிவு போகவில்லை. 2022-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024-இல் பழைய தண்டனைச் சட்டமே மாற்றப்பட்டது. புதிய சட்டத்திலும் அதன் நிழல் இருக்கிறது என்ற விமர்சனம் தொடர்கிறது.)

பக்கத்து வீட்டு நல்ல ராஜா

"வெள்ளைக்கார ராஜா அந்நியர். நம்ம ராஜா என்றால் அப்படி இருக்க மாட்டார்" என்று ஒருவர் வாதாடலாம். நல்ல கேள்வி. அதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒகேனக்கல்லில் விழும் காவிரி எங்கிருந்து வருகிறதோ, அந்த மைசூர்.

1799-இல் திப்பு இறந்த பிறகு, மைசூரைக் கம்பெனி தானே முழுவதும் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய உடையார் வம்சத்தைச் சேர்ந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரசராக்கியது. அப்போது அவருக்கு வயது ஐந்து! பாராமகாலில் நேரடி வெள்ளைக்கார ஆட்சி, மைசூரில் ராஜா ஆட்சி. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி.

மைசூர் சமஸ்தானம் இந்தியாவிலேயே 'மாதிரி சமஸ்தானம்' என்று பெயர் வாங்கியது. அது வெறும் புகழ்ச்சி அல்ல. 1881-லேயே பிரஜா பிரதிநிதி சபை என்று ஒரு சபையைத் தொடங்கினார்கள். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். 1905-இல் பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், விசுவேசுவரய்யா, மிர்சா இஸ்மாயில் போன்ற திவான்கள் இருந்தார்கள். 1911-இல் கிருஷ்ணராஜசாகர் அணை வேலை தொடங்கியது. 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் வந்தது. 1918-இல் மில்லர் குழுவை அமைத்து, அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்ட சமூகத்தினருக்கு இடம் தர வழி செய்தார்கள். மேல்தட்டினரின் எதிர்ப்பு இருந்தும், அந்த ராஜா பின்வாங்கவில்லை.

இதைவிட நல்ல ராஜா கிடைப்பது கஷ்டம். ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, அதே வம்சத்தில் அவருக்கு முன்னால் வந்த மூன்றாம் கிருஷ்ணராஜர் காலத்தில், வரிச்சுமை தாங்காமல் 1830-31-இல் நகரப் பகுதியில் விவசாயிகள் கலகம் செய்தார்கள். நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி 1831-இல் ஆங்கிலேயர் ஆட்சியைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். 50 ஆண்டுகள், 1881 வரை, ராஜா இருந்தும் ஆட்சி அவர் கையில் இல்லை. ராஜா சரியில்லை என்றால் மாற்றுவதற்குக் குடிகளிடம் கலகத்தைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மாற்றியதோ வெளியிலிருந்து வந்த இன்னொரு பெரிய அதிகாரம்.

இரண்டாவது, அந்தப் பிரதிநிதி சபை. அது கேட்கலாம், முறையிடலாம், விண்ணப்பிக்கலாம். முடிவு எடுப்பது ராஜாவும் திவானும்தான். திவானை அந்தச் சபை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

மூன்றாவது, மிக வேதனையானது. 1938 ஏப்ரலில் விதுராஸ்வத்தா என்ற ஊரில் காங்கிரஸ் கொடியை ஏற்றுவதற்காகக் கூடியிருந்த மக்கள் மீது சமஸ்தான போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. பலர் செத்துப் போனார்கள். இது நடந்தது ஏதோ கொடுங்கோலன் ஆட்சியில் அல்ல. 'ராஜரிஷி' என்று புகழப்பட்ட நான்காம் கிருஷ்ணராஜரின் ஆட்சியில்! 1942-இல் ஈசூர் என்ற கிராமம் தனக்குத் தானே அரசு அமைத்துக்கொண்டதாக அறிவித்தது. மோதலில் அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். 1943-இல் அந்த ஊர்க்காரர்கள் ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

1947-இல் இந்தியா சுதந்திரம் அடைந்தபோது, மைசூர் மக்கள் "எங்கள் ராஜா நல்லவர், இதுவே போதும்" என்று இருந்துவிடவில்லை. 'மைசூர் சலோ' என்று கிளம்பினார்கள். மாணவர்கள் பள்ளி, கல்லூரிகளை விட்டு வெளியே வந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஜெயசாமராஜ உடையார் பொறுப்பாட்சிக்கு ஒப்புக்கொண்டார். கே.சி.ரெட்டி முதல் முதலமைச்சர் ஆனார்.

யோசித்துப் பாருங்கள். இந்தியாவிலேயே மிக நன்றாக ஆளப்பட்ட சமஸ்தானத்தின் மக்களே ராஜா ஆட்சி வேண்டாம் என்றார்கள். அவர்கள் ராஜாவை வெறுக்கவில்லை. நல்லாட்சி ஒருவர் தயவில் கிடைப்பதாக இருக்கக் கூடாது, அது தங்கள் உரிமையாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

கிரீடம் இறங்கிய விதம்

சுதந்திரத்தின்போது இந்தியாவில் 560-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. தமிழ்நாட்டுக்குள் இருந்த புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. அதன் கடைசி மன்னர் ராஜகோபால தொண்டைமான் வாழ்ந்த அரண்மனை, 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது கலெக்டர் அலுவலகமாக மாறியது. ராஜா தர்பார் நடத்திய இடத்தில் இன்று யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். முடியாட்சி குடியாட்சியாக மாறியதற்கு இதைவிட அழகான படம் வேண்டுமா?

இணைந்த மன்னர்களுக்கு மன்னர் மானியம் என்று ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுப்பதாக அரசியலமைப்புச் சட்டத்திலேயே உறுதி தரப்பட்டது. மைசூர் மன்னருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். சௌராஷ்டிரத்தில் ஒரு சிறு பாளையக்காரருக்கு வெறும் 192 ரூபாய்! இந்திரா காந்தி 1970-இல் இதை ஒழிக்க முயன்றபோது, மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு மயிரிழையில் தவறியது. ஜனாதிபதி உத்தரவு போட்டுப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு தேர்தலில் பெரும் வெற்றி பெற்று, 1971 டிசம்பரில் 26-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் மானியமும் பட்டமும் ஒழிக்கப்பட்டன. கொடுத்த வாக்கை மீறியது சரியா என்ற கேள்வியை இன்றும் சிலர் எழுப்புகிறார்கள். பிறப்பால் மட்டும் ஒருவருக்கு அரசுப் பணம் தருவது குடியரசுக்குப் பொருந்துமா என்பது எதிர்க் கேள்வி.

ஜெயசாமராஜ உடையாரின் கதை இங்கே சுவாரசியமானது. அவர் மைசூரின் ராஜப்பிரமுகர் ஆனார். பிறகு 1956 முதல் அதே மாநிலத்தின் ஆளுநர் ஆனார். 1964-இல் சென்னை மாநிலத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார்! பாராமகால் மைசூர் கையை விட்டுப் போய் 172 ஆண்டுகள் கழித்து, மைசூர் ராஜா பென்னாகரத்துக்கும் சேர்த்துத் தலைவராக வந்தார். ஆனால் படையோடு அல்ல, டில்லியிலிருந்து வந்த நியமன உத்தரவோடு. அதிகாரம் முதலமைச்சரிடம். 1966-இல் பதவி முடிந்ததும் போய்விட்டார்.

அவர் மகன் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் மைசூர் தொகுதியில் நான்கு முறை எம்.பி. ஆனார். 1991-இல் தோற்றார். ஆம், மைசூர் ராஜா வீட்டுப் பிள்ளை மைசூரிலேயே தோற்றார்! 2024-இல் அந்தக் குடும்பத்தின் வாரிசான யதுவீர் அதே தொகுதியில் நின்று வென்றார். ராஜா வீட்டுக்காரர் ஆள வரக் கூடாது என்று குடியரசு சொல்லவில்லை. வாசலில் நின்று ஓட்டுக் கேட்டுவிட்டு வா என்று மட்டும் சொல்கிறது.

இன்றைய உலகில் ராஜாக்கள்

முடியாட்சி செத்துப்போன விஷயம் அல்ல. இன்றும் உலகில் 43 நாடுகளுக்குத் தலைவர் ஒரு மன்னர்தான். அதில் 15 நாடுகளுக்கு ஒரே மன்னர், இங்கிலாந்தின் மூன்றாம் சார்லஸ். இலங்கைகூட 1972 மே 22 வரை எலிசபெத் ராணியின் நாடுதான். பார்படாஸ் 2021-இல்தான் குடியரசு ஆனது.

இவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஆளாத மன்னர்கள். இங்கிலாந்து, ஜப்பான், ஸ்வீடன், நார்வே, ஸ்பெயின் போன்ற நாடுகள். ஜப்பானின் 1947 அரசியலமைப்பு, சக்கரவர்த்தியை நாட்டின் அடையாளம் என்று மட்டும் சொல்கிறது. நார்வே மக்கள் 1905-இல் ஓட்டுப் போட்டே மன்னரை வைத்துக்கொண்டார்கள்! லட்சக்கணக்கான தமிழர்கள் வாழும் மலேசியாவிலும் மன்னர் உண்டு. ஆனால் ஒன்பது மாநில சுல்தான்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கிறார்கள். 1993-இல் அந்த சுல்தான்களுக்கு இருந்த வழக்குப் பாதுகாப்பும் நீக்கப்பட்டது. சிறப்பு நீதிமன்றத்தில் அவர்கள் மீது வழக்குத் தொடரலாம்.

இரண்டாம் வகை, உண்மையாகவே ஆளும் மன்னர்கள். சவூதி அரேபியா, ஓமன், புருனே, எஸ்வாட்டினி (பழைய சுவாசிலாந்து) போன்றவை. எஸ்வாட்டினியில் 1973-இல் கட்சிகள் தடை செய்யப்பட்டன. இவற்றில் சில எண்ணெய் வளத்தால் பணக்கார நாடுகள். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வேலைக்குப் போய் வருபவர்கள் அங்கே உள்ள ரோடு, ஆஸ்பத்திரி பற்றியெல்லாம் வியந்து சொல்வது உண்டு. உண்மைதான். ஆனால் அந்த ரோட்டில் நின்று "இந்த ஆட்சி சரியில்லை" என்று சத்தமாகச் சொல்ல முடியுமா என்றும் அவர்களையே கேட்க வேண்டும். அரசியலமைப்பும் பாராளுமன்றமும் உள்ள தாய்லாந்திலேயே மன்னரை அவமதித்துப் பேசினால், ஒரு குற்றத்துக்கு 15 ஆண்டுகள் வரை சிறை. சுப்பிரமணிய சிவா நினைவுக்கு வருகிறாரா?

நம் வடக்கே உள்ள இரண்டு மலை நாடுகள் இன்னும் தெளிவான பாடம். நேபாள மன்னர் ஞானேந்திரா 2005-இல் எல்லா அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொண்டார். 2006-இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2008 மே 28 அன்று முடியாட்சியே ஒழிந்தது. பூட்டானிலோ மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக், மக்கள் கேட்பதற்கு முன்பே தானாக இறங்கி வந்தார். 2006-இல் மகனிடம் பட்டத்தைக் கொடுத்தார். 2008-இல் தேர்தல் நடந்து, அரசியலமைப்பு வந்தது. மன்னருக்கு 65 வயதில் ஓய்வு உண்டு. பாராளுமன்றமும் மக்கள் வாக்கெடுப்பும் சேர்ந்து மன்னரை நீக்கவும் வழி இருக்கிறது. பூட்டானில் இன்றும் மன்னர் இருக்கிறார். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டவர் எல்லாவற்றையும் இழந்தார். விட்டுக் கொடுத்தவர் குடும்பம் கிரீடத்தோடு இருக்கிறது.

ஆனாலும் 2025 மார்ச்சில் காத்மாண்டுவில் "ராஜா திரும்பி வரட்டும்" என்று பெரிய ஊர்வலம் நடந்தது. காரணம், அடிக்கடி கவிழும் அரசுகள், ஊழல், வேலையின்மை. பென்னாகரம் ரேஷன் கடை வரிசையில் கேட்ட அதே பெருமூச்சுதான் இது.

ராஜா இருப்பதால் லாபம் இல்லையா?

முடியாட்சியை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணங்களையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். கட்சிக்கு அப்பாற்பட்ட ஒருவர் நாட்டின் தலைவராக இருப்பது ஒற்றுமைக்கு நல்லது என்கிறார்கள். 1981-இல் ஸ்பெயினில் ராணுவத்தினர் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தபோது, மன்னர் ஹுவான் கார்லோஸ் தொலைக்காட்சியில் தோன்றி ஜனநாயகத்தின் பக்கம் நின்றார். கலகம் அடங்கியது. அது உண்மை. தேர்தலைப் பற்றிக் கவலைப்படாமல் நீண்ட காலத் திட்டம் போடலாம் என்பது இன்னொரு காரணம். கிருஷ்ணராஜசாகரைப் பார்த்தால் அதையும் மறுக்க முடியாது.

ஆனால் அணை மன்னராட்சியில்தான் வரும் என்றில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் வலி என்று தலைமுறைகள் அவதிப்பட்டன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் ஓர் அரசு அடிக்கல் நாட்டியது. 2011-இல் ஆட்சி மாறியது. 2013-இல் வேறு கட்சியின் அரசு அதைத் திறந்து வைத்தது. தாமதம்தான். அதில் குறை சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனால் ஆள் மாறியும் திட்டம் சாகவில்லை. தகடூர் அதியமானோடு விழுந்தது. குடிநீர்த் திட்டம் ஒரு முதலமைச்சரோடு விழவில்லை. ஒருவரை நம்பாமல் அமைப்பை நம்புவது என்றால் இதுதான்.

இதனால் குடியாட்சியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி (68.54 சதவீதம்). பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வாரிசு என்ற பழக்கமும் நம்மை விட்டுப் போகவில்லை. 2010 மார்ச்சில் நடந்த பென்னாகரம் இடைத்தேர்தலில், மறைந்த எம்.எல்.ஏ.வின் மகனே ஆளும் தி.மு.க.வின் வேட்பாளராக நின்று ஜெயித்தார். ராஜா முறை பின்வாசல் வழியாக வருகிறதோ என்று தோன்றலாம்.

ஆனால் அதற்கு அடுத்து நடந்ததையும் பாருங்கள். ஒரே ஆண்டில், 2011-இல், தொகுதி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனது. 2016-இல் மீண்டும் தி.மு.க. 2021-இல் பா.ம.க. பதினோரு ஆண்டுகளில் மூன்று கட்சிகள்! ஒரு கோட்டை இடிபடவில்லை, ஒரு பிள்ளை பிணையாகப் போகவில்லை. 1791-இல் பென்னாகரத்தின் ஆட்சி மாற பீரங்கி தேவைப்பட்டது. இன்று அதற்கு விரலில் வைக்கும் ஒரு துளி மை போதும்.

முடிவாக

நல்ல ராஜா வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் உண்மையில் கேட்பது ராஜாவை அல்ல. நல்ல ரோடு, நல்ல தண்ணீர், லஞ்சம் கேட்காத அலுவலகம். இவற்றைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கை நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் நல்ல ராஜா என்பவர் அதிர்ஷ்டத்தில் கிடைப்பவர். அவர் மகனும் நல்லவராக இருப்பார் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

ஆகவே ஓர் ஆட்சியை எடை போட, "ஆள்பவர் நல்லவரா?" என்று மட்டும் கேட்டால் போதாது. இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அவரைத் தப்பு என்று சொல்ல முடியுமா? அவரை மாற்ற முடியுமா? இந்த இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வரும் நாட்டில் கிரீடம் இருந்தாலும் பரவாயில்லை, அது ஒரு நகை. 'இல்லை' என்று பதில் வரும் நாட்டில் கிரீடமே இல்லாவிட்டாலும், தேர்தல் என்ற பெயரில் என்ன நடந்தாலும், அது ராஜா ஆட்சிதான்.

பாப்பாரப்பட்டியில் அடங்கிக் கிடப்பவர் முதல் கேள்விக்காகச் சிறைக்குப் போனார். இரண்டாவது கேள்விக்கான பதில் 1950 ஜனவரி 26 அன்று நம் கைக்கு வந்தது. பென்னாகரத்தின் கடைசி ராஜா லண்டனில் இருந்தார். அவருக்குப் பிறகு இந்த ஊரை ஆளும் பொறுப்பு யாருக்கு வந்தது என்பதை, அடுத்த முறை ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது முன்னாலும் பின்னாலும் திரும்பிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.